கஷாயம் ஏற்கும் குற்றாலநாதர்

திருக்குற்றாலநாதர் கோயிலில் சுவாமிக்கே மருந்து உண்டு. திருமாலாக இருந்தவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார், அந்த அழுத்தத்தில் சுவாமிக்குத் தலைவலி கண்டது என்று தலவரலாறு சொல்கிறது. அதனால் மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் லிங்கத் திருமேனிக்குச் சாத்தப்படுகிறது. அருவியை ஒட்டிச் சாரலிலும் ஈரத்திலும் குடியிருக்கும் சுவாமியைக் குளிர் தாக்கிவிடக் கூடாது என்று சுக்கு முதலான சரக்குகளைப் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயமும் நிவேதனமாகிறது. இதெல்லாம் நடப்பது பேரருவியின் இரைச்சல் காதில் விழும் தொலைவில். அந்தப் பேரருவியில் தலையைக் கொடுத்தால் சளியும் இளைப்பும் போகும், சொறி சிரங்கு ஆறும், பித்தம் தணியும், புத்தி பேதலித்தவர்கூடத் தெளிவார் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நோய் தீர்க்கும் நீர் என்று நாம் கொண்டாடுகிற இடத்தில், அந்த நீருக்கு உரியவருக்கே அந்த நீரால் உடம்புக்கு வரலாம் என்றும், அப்படி வராமலிருக்கக் கஷாயம் வேண்டும் என்றும் கோயில் மரபு கருதியிருக்கிறது. முதல் செய்தியை ஊரெல்லாம் எடுத்துச் சொல்கிறோம். இரண்டாவதைச் சுவையான தகவலாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குள் ஒரு தத்துவ நிலைப்பாடே இருக்கிறது என்பது என் எண்ணம்.

புனிதமான நீரோ மண்ணோ உப்போ நோயைத் தீர்க்கும் என்கிறபோது இரண்டு வேறுவேறு பேச்சுகள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. ஒன்று வேண்டுதல். ‘அம்மா, என் பிள்ளை உடம்பு தேற வேண்டும், உன் சந்நிதிக்கு வந்து இன்னது செய்கிறேன்’ என்று ஒருவர் தெய்வத்திடம் முறையிடுவது அது. அந்த முறையீட்டை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, அளக்க வேண்டிய தேவையும் இல்லை. மற்றது உடம்பைப் பற்றிய கூற்று. இந்தப் பொருள் மூச்சுக்குழாய்க்குள் போனால் சளி இளகும், இந்த மண்ணைப் பூசினால் படை மறையும் என்பது போன்ற பேச்சு. இதைச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்த இடத்தில் நின்று சொன்னாலும், இது சோதனைக்குக் கட்டுப்பட்டது. இந்த இரண்டையும் நம் சமய மரபு தன் நல்ல காலங்களில் குழப்பிக்கொள்ளவில்லை, இப்போதுதான் நாம் வலிந்து குழப்புகிறோம், அதனால் நோயாளிக்கும் கெடுதல், பக்திக்கும் கெடுதல் என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது.

இந்தக் குழப்பம் புதிதாக எப்படி உருவெடுக்கிறது என்பதற்கு உப்பு அறைகள் நல்ல சான்று. இந்தியப் பெருநகரங்களில் சில ஆண்டுகளாக இவை நடக்கின்றன. சுவரிலும் தரையிலும் இளஞ்சிவப்பு உப்புக் கட்டிகள், மங்கலான விளக்கு, மெல்லிய இசை, சாய்வு நாற்காலி. முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்து மூச்சுவிட்டால் ஆஸ்துமா, சைனஸ், கரப்பான், சொரியாசிஸ் எல்லாம் குறையும் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். கருவி ஒன்று உலர்ந்த உப்பைச் சில மைக்ரான் அளவுக்குப் பொடித்து அறைக்குள் ஊதுகிறது. ஏறத்தாழ ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் மூச்சுக்குழாயின் ஆழம் வரை போகும் என்பதால், வேலை ஏதும் நடந்தால் அது இந்தப் பொடியால்தான். சுவரில் பதித்த கட்டிகள் பெரும்பாலும் அலங்காரம். இந்த வழக்கத்துக்கு வேர் போலந்தில் இருக்கிறது. வியலிச்கா உப்புச் சுரங்கத்தின் மருத்துவர் ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுரங்கத்து உப்பைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார், 1843-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார்.

உப்புக்கு நுரையீரலில் வேலையே கிடையாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரல் சளி பிசின் மாதிரி கெட்டியாகிவிடும். அந்த நோயாளிகள் 164 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. 7 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசர் மூலம் 48 வாரம் இழுத்தவர்களுக்கு நோய் திடீரென்று முற்றும் தருணங்கள் நன்றாகக் குறைந்தன. ஆனால் அவர்கள் உப்பை இழுக்கும் முன் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் செறிவான உப்பு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றே உப்புக் கரைசலை இழுக்கச் சொல்லிப் பார்க்கும் பரிசோதனை ஒன்றே இருக்கிறது. அதாவது ஒரு நோய்க்கு மருந்தான பொருள் இன்னொரு நோயைத் தூண்டிவிடுகிறது. நிலத்தடிக் குகைகளிலும் சுரங்கங்களிலும் தங்கவைத்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை அளிப்பதைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2001-இல் வந்தது. ஏற்கத்தக்கவையாக அதற்குக் கிடைத்தவை மூன்று ஆய்வுகள், 124 குழந்தைகள். அவற்றிலும் ஓரளவு தரமானது ஒன்றுதான். பலன் உண்டு என்று முடிவுகட்ட அது போதவில்லை. தோலைப் பொறுத்தவரை, உப்புநீர்க் குளியலோடு புற ஊதா ஒளியையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை சொரியாசிஸுக்குப் பயன்படுகிறது. அறைக்குள் ஊதப்படும் பொடி அந்தச் சிகிச்சை ஆகாது. நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடி உப்பளங்களில், தலைமுறை தலைமுறையாக உப்பிலேயே நின்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கால் வெடிப்பும் தோல் புண்ணும் கண் எரிச்சலும் அவர்களை விட்டுப் போவதில்லை. உப்பளமும் உப்பு அறையும் அளவில் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பு என்றாலே தோலுக்கு நல்லது என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் அந்தக் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. உப்பு அறைகள் தங்களைப் பற்றிப் பேசும்போது மருந்தின் மொழியை விட்டுவிட்டுச் சந்நிதியின் மொழியைப் பேசுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுத் தொன்மை, இமயத்தின் தூய்மை, மௌனம், மங்கிய ஒளி, உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றுதல் என்று ஒரு கருவறைச் சூழலையே எழுப்பிக்கொள்கின்றன. நம் புண்ணியத் தலங்களைப் பற்றிப் பேசுகிறவர்களோ சந்நிதியின் மொழியை விட்டுவிட்டு மருந்தின் மொழிக்குத் தாவிவிட்டார்கள். அருவி நீரில் மூலிகைச் சத்து கரைந்திருக்கிறது, புற்றுமண்ணில் தாதுக்கள் இருக்கின்றன, தீர்த்தத்தில் கந்தகம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் தெய்வத்துக்கு மரியாதை என்ற நினைப்பு எப்படியோ நமக்குள் புகுந்துவிட்டது. உப்பு அறைக்காரர் சோதனையிலிருந்து தப்பிக்கப் புனிதத்தைக் கடன் வாங்குகிறார். பக்தர் தன் நம்பிக்கை குறைவாக மதிக்கப்படுமோ என்ற அச்சத்தில் ஆய்வுக்கூடத்தைக் கடன் வாங்குகிறார்.

குற்றால நீரைப் பற்றிய மூலிகைக் கூற்றை அதன் சொந்தக் களத்திலேயே வைத்துப் பார்ப்போம். மலையில் மூலிகைகள் உண்டு என்பதில் ஐயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி தாவரவியலாளர்கள் தேடி வந்த இடம். ஆனால் மூலிகை எப்படி மருந்தாகிறது என்பதற்குச் சித்த மருத்துவமே விதி வைத்திருக்கிறது. சரக்கைச் சுத்தி செய்து, இடித்து, அளந்து நீர்விட்டு, எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சினால் அது குடிநீர். எண்ணெயில் போட்டுப் பதம் பார்த்து இறக்கினால் தைலம். இன்ன நோய்க்கு இன்ன சரக்கு, இத்தனை வேளை, இன்ன பத்தியம் என்று கணக்கு இருக்கிறது. வெள்ளம் புரண்டு வரும் குளிர்ந்த நீர் செடியின் வேரைத் தொட்டுக்கொண்டு வந்தாலே மருந்தாகிவிடும் என்றால் உரலும் அடுப்பும் எதற்கு? பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி எதற்கு? குற்றாலநாதருக்கான தைலத்தையே அருவியில் பிடித்துவரவில்லை, அடுப்பில் வைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். அருவியை மருந்து என்று சொல்லிப் பெருமைப்படுத்த நினைப்பவர்கள் தெரியாமலேயே சித்தவைத்தியரின் உழைப்பையும் அறிவையும் சிறுமைப்படுத்துகிறார்கள்.

குற்றாலத்தில் உடம்பு தேறுவதே இல்லை என்பது என் பேச்சல்ல. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் புகுந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் தூவுகிறது. திருநெல்வேலிச் சமவெளி வெயிலில் காய்கிற நேரத்தில் இங்கே உடம்பு குளிர்கிறது, பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கம்பெனி அதிகாரிகளும் அவர்களுக்குப் பின்வந்த வெள்ளைக்காரர்களும் இங்கே பங்களா கட்டிக்கொண்டு, உடல்நலம் தேறுவதற்கென்றே சீசனுக்கு வந்து தங்கினார்கள். அவர்களுக்குக் குற்றாலநாதர்மேல் நம்பிக்கை இல்லை, அகத்தியரைத் தெரியாது. ஆனாலும் தேறினார்கள் என்றால், தேற்றியதில் பெரும்பங்கு காற்றுக்கும் குளிர்ச்சிக்கும் ஓய்வுக்கும் உரியது. அதே ஈரக்காற்று எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. குளிர்ந்த நீரும் பூஞ்சையேறிய அறையும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். நீருக்கு நம் வேண்டுதல் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்து வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. அந்த நீரும் அதே மலையிலிருந்துதான் வந்தது. அருவியில் தெய்வத்தைக் காண்பவன் இதையும் சேர்த்துத்தான் காண வேண்டும். தெய்வம் வேறு, நீரின் குணம் வேறு என்று பிரிக்கத் தெரியாதவனுக்கு அந்தச் சாவு தாங்க முடியாத கேள்வியாகிவிடும்.

இனி வேண்டுதலின் பக்கம். 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தில்தான் சங்கரன்கோவிலும் இருக்கிறது. சங்கரநாராயணரும் கோமதியம்மனும் எழுந்தருளியிருக்கும் அந்தக் கோயிலில் புற்றுமண்ணே பிரசாதம். தோல் நோய்க்காரர்கள் அதை நீரில் குழைத்துப் பூசிக்கொள்கிறார்கள், வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். தமிழ்நாட்டின் வேறு பல கோயில்களில், மாரியம்மன் கோயில்களிலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும், உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம். மருவும் கட்டியும் உப்புப் போலக் கரைய வேண்டும் என்பது பிரார்த்தனை. அந்த உப்பு போகும் வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். நோயாளி அதைத் தின்பதில்லை, பூசுவதில்லை, முகர்வதுமில்லை. கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கைநிறைய எடுத்து, தன் உடம்பிலிருந்து விலக்கிச் சந்நிதியில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். உப்பு அறையில் உப்பு நோயாளிக்குள் போகிறது. கோயிலில் உப்பு நோயாளியைவிட்டுப் போகிறது. இந்தச் சடங்கை வகுத்தவர்களுக்கு மருந்துக்கும் காணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சோடியம் குளோரைடு மருவைக் கரைக்கும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. என் துன்பத்தை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லக் கைக்கு எளிதான, ஏழைக்கும் கிடைக்கிற ஒரு பொருளைத் தேர்ந்தார்கள்.

ஆனால் உப்புக் கொட்டியவர்களுக்கு மரு உதிர்ந்ததே, புற்றுமண் பூசியவர்களுக்குப் படை மறைந்ததே, அதெல்லாம் பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. மரு ஒரு வைரஸால் வருவது. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த மருந்தும் இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக மறைந்துவிடும். கரப்பானும் சொரியாசிஸும் ஏறியும் இறங்கியும் போகும் நோய்கள். மனிதன் வேண்டிக்கொள்வது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் வரும். வேண்டுதல் பலித்தவர்கள் நேர்த்திக்கடன் செலுத்தத் திரும்பி வருகிறார்கள், வெள்ளித் தகடு சாத்துகிறார்கள், நாலு பேரிடம் சொல்கிறார்கள். பலிக்காதவர்கள் திரும்பி வந்து எதையும் பதிவு செய்வதில்லை. பழைய கிரேக்கத்தில் டயகோரஸ் என்பவரிடம், கடலில் தப்பியவர்கள் கோயிலில் மாட்டிவைத்த காணிக்கைப் படங்களைக் காட்டித் தெய்வத்தின் கருணைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஒருவர் கேட்டாராம். மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டதாக ரோமானியரான சிசரோ எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கேள்வி நேர்த்திக்கடனைப் பொய்யாக்கிவிடாது. நன்றி சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருவனுடைய நன்றியை இன்னொருவனுக்கு மருத்துவச் சான்றாகக் காட்ட முடியாது என்பதை அந்தக் கேள்வி உறுதியாக்கிவிடுகிறது.

அடுத்து ஒரு வலுவான மறுப்பு. எப்படிக் குணமானால் என்ன, நம்பிக்கையாலேயே உடம்பு லேசானால் அதுவும் குணம்தானே என்பார்கள். இதற்கு ஆஸ்துமாவிலேயே பதில் கிடைக்கிறது. 2011-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஆஸ்துமா நோயாளிகளுக்கு நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள்: உண்மையான மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பாவனையான அக்குபஞ்சர், எதுவும் செய்யாமல் விடுவது. எவ்வளவு தேவலை என்று கேட்டபோது, முதல் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பதில் வந்தது. 50, 45, 46 சதவீதம் தேவலை என்றார்கள். எதுவும் செய்யாதபோது 21 சதவீதம். ஆனால் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தபோது, உண்மையான மருந்து எடுத்த வேளையில் 20 சதவீதம் முன்னேற்றம். மற்ற மூன்றிலும் 7 சதவீதத்தை ஒட்டியே நின்றது. இந்த ஆய்வை நம் கேள்விக்கே நடத்தியது போலப் படிக்கலாம். நம்பிக்கை கொடுத்த ஆறுதல் கற்பனை இல்லை, அது அனுபவம். திணறுகிறவனுக்குத் திணறல் குறைந்தாற்போல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது திணறியவனுக்குத்தான் தெரியும். இருந்தும் அவனுடைய மூச்சுக்குழாய் திறக்கவில்லை. தேவலை என்ற உணர்வை நம்பி இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுச் சாரலில் குளிக்கப் போகிறவனுக்கு ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தோலில் இந்த இடைவெளி இன்னும் கொடியது. உடம்பில் வெளிறிய தேமல் ஒன்று தோன்றுகிறது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை, பேனா முனையால் தொட்டால் தெரியவில்லை. அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். 1980-களின் தொடக்கத்திலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் நரம்பு செத்துப்போனால் திரும்பாது. விரல் மடங்கிய பிறகு எந்த மாத்திரையும் விரலை நிமிர்த்தாது. அந்த முதல் சில மாதங்களில் புற்றுமண்ணை மட்டும் பூசிக்கொண்டு, வலியில்லாததையே அம்மனின் அருள் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே தவறு பக்தியில் இல்லை. பக்தியை மருந்தாக விளக்கிச் சொன்னவர்களிடம் இருக்கிறது. மண்ணில் தாதுச் சத்து இருக்கிறது, அது தோல் நோயைக் குணப்படுத்தும் என்று ‘அறிவியல்’ பேசியவர்தான் அந்தக் குடும்பத்தை மருத்துவமனையிலிருந்து தடுத்தவர்.

சமய நோக்கிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. திருநாவுக்கரசரின் சூலை நோய் திருவதிகையில் தீர்ந்தது, பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்த்தார், சுந்தரரின் உடல் நோய் திருத்துருத்தித் திருக்குளத்தில் மூழ்கியதும் நீங்கியது என்று நம் புராணமே பேசுகிறது, மருந்தை மருத்துவரிடம் கேள் என்பவன் இவர்களையெல்லாம் மறுக்கிறானா? நான் மறுக்கவில்லை, அந்த வரலாறுகளை அவற்றின் போக்கிலேயே படிக்கச் சொல்கிறேன். திருநாவுக்கரசருக்கு நோய் ஒரு திரும்புமுனை. வயிற்றுவலி போனது மட்டும் அங்கே நிகழ்ச்சி அல்ல, ஒரு மனிதர் முழுதாக வேறொருவரானார். சுந்தரரின் நோய் அவருக்கும் இறைவனுக்கும் இடையிலான நட்பின், பிணக்கின் ஒரு பகுதி. இவற்றில் எதையும், இன்ன நோய்க்கு இன்ன தீர்த்தம் என்ற விலைப்பட்டியலாகச் சேக்கிழார் எழுதிவைக்கவில்லை. இன்னும் ஒன்று உண்டு. கண்ணப்பர் இறைவனின் கண்ணில் குருதி வழியக் கண்டவுடன் செய்தது என்ன? பிரார்த்தனை செய்துகொண்டு நிற்கவில்லை. காட்டுக்குள் ஓடித் தமக்குத் தெரிந்த பச்சிலைகளைப் பறித்துவந்து பிழிந்து விட்டுப் பார்த்தார். அது நிற்காத பிறகுதான், சதைக்குச் சதையே மருந்தாகும் என்று வேடர்கள் சொல்லும் வைத்தியம் நினைவுக்கு வந்து தம் கண்ணைத் தோண்டினார். பக்தியின் உச்சம் என்று சைவம் போற்றும் அந்தச் செயல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வைத்தியனின் பதைப்பாகவே நடக்கிறது. அன்பு இருக்கிற இடத்தில் மருந்தைத் தேடாமல் இருக்க முடியாது என்று அந்தக் கதையைப் படிக்கிறேன்.

கல்வெட்டுகளும் இதே பக்கம் நிற்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை ஒன்றைச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துக்குப் பச்சிலையும் விறகும் கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் வகுத்திருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. அவற்றில் ஒன்று கல்யாண லவணம் என்ற உப்பு மருந்து. கோயில் வளாகத்துக்குள் உப்பு மருந்தாகவும் இருந்திருக்கிறது. அப்படி இருந்தபோது அது வைத்தியரின் கையில், பெயரோடும் அளவோடும் இருந்தது. சந்நிதியில் கொட்டும் உப்பு வேறு, ஆதுலர் சாலையின் உப்பு வேறு என்பதில் அந்தக் கோயிலாருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. தென்காசிக்கே வந்தால், 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டிவைத்துப் போயிருக்கிறான். இந்தக் கோயிலுக்கு எப்போதாவது ஒரு குறை நேர்ந்தால், அன்று வந்து அதைச் சரிசெய்து காப்பவர்களை இன்றே பணிகிறேன் என்பது அதன் கருத்து. இவ்வளவு பெரிய சிவபக்தன், கோயில் சிதையாமல் சிவனே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடவில்லை. சிதையும் என்று ஏற்றான், சரிசெய்ய மனிதர் வர வேண்டும் என்று அறிந்தான், முகம் தெரியாத அந்தக் கொத்தனையும் சிற்பியையும் வணங்கினான். பின்னாளில் இராசகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. மனிதர்கள்தான் மீண்டும் எழுப்பி 1990-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். கோயிலுக்கு இப்படி நினைத்தவனின் ஊரில், உடம்புக்கு மட்டும் வேறு நியாயம் பேசுவது பொருந்தாது.

அப்படியானால் வேண்டுதலே எதற்கு, மருந்து மட்டும் போதாதா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இந்தச் சடங்குகளை மருத்துவப் பிழைகளாக மட்டுமே பார்க்கிறார்கள். அவற்றை மருந்து என்று விற்றவர்களின் பேச்சை அப்படியே நம்பிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். சொரியாசிஸ் வாழ்நாள் நோய். கட்டுப்படுத்தலாம், பிடுங்கி எறிய முடியாது. அந்த நோயாளியைப் பக்கத்தில் உட்காரவிடாதவர்கள், தட்டைத் தனியாக வைப்பவர்கள், பெண் கொடுக்கத் தயங்குபவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தன் தோலைப் பற்றி வெட்கப்படாமல் வாய்விட்டுப் பேச ஒரு இடம் வேண்டும். சங்கரன்கோவில் பிராகாரத்தில் அவர் தனி ஆள் இல்லை. தன்னைப் போன்ற பலரோடு வரிசையில் நிற்கிறார், அதே மண்ணை அவர் கையிலும் கொடுக்கிறார்கள். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்ற நால்வகையில் மருத்துவம் அடங்கும் என்று திருக்குறள் சொல்கிறது. மருத்துவமனை மருத்துவரையும் மருந்தையும் தரும். நான்காவதை, அதாவது கூட வருகிறவரை, பெரும்பாலும் நேர்த்திக்கடன்தான் திரட்டிக் கொண்டுவருகிறது: பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிகிறாள், மாமா பஸ்ஸுக்குக் கூட வருகிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். இதெல்லாம் உடம்பைப் பற்றிய எந்தப் பொய்யும் சொல்லாமலே கிடைக்கிறது. ஆகவே இதைக் காப்பாற்றத்தான் மருந்து என்ற கூற்றிலிருந்து இதை விடுவிக்க வேண்டும் என்கிறேன்.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவில்லை. உப்பு அறை நடத்துகிறவர் தன் வாசலில், இது மருத்துவருடைய சிகிச்சைக்கு மாற்று அல்ல, ஆஸ்துமா உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு இன்ஹேலரோடுதான் உள்ளே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர். குற்றாலத்தைப் பற்றிய விளம்பரங்கள் சாரலையும் அருவியையும் கோயிலையும் பேசிவிட்டு நோய்ப்பட்டியலை நீக்கிவிடலாம். வருகிற கூட்டம் ஒரு ஆள்கூடக் குறையாது. அறநிலையத் துறை 2021 முதல் பெரிய கோயில்கள் சிலவற்றில் மருத்துவ மையங்களைத் திறந்திருக்கிறது. தோல் நோய்க்காரர்கள் தாங்களாகவே தேடி வருகிற சங்கரன்கோவிலைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது? அங்கே ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் புற்றுமண் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் மேசை போட்டு உட்கார வேண்டும். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வருகிறவரிடம் தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அந்த இடத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மண்ணை அவரே வைத்துக்கொள்ளட்டும்.